பிடி அரிசியும் கல்லூரிப் படிப்பும்



தருமம் என்றதும் நம் கண்முன் வருவது கோவில் வாசலில் கை நீட்டும் ஏழைதான். பசித்தவனுக்குச் சோறிடுவது யாவர்க்கும் விளங்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டுவதும் அதே தருமத்தைச் சேர்ந்ததா? இவ்வாரப் பாடத்தில் இதைச் சற்று யோசிப்போம்.

திருச்சுழிப் பக்கத்தில் கரிசல் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை மனதில் கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தைக்குப் பிறகுதான் மிளகாயும் பருத்தியும் மல்லியும் காசாகும். கல்லூரிச் சேர்க்கையோ ஆனி, ஆடியில் வருகிறது. அப்போது குண்டாற்றில் மணல்தான் இருக்கும். வீட்டில் அதுவும் இராது. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் கிடைக்கும் கூலி அன்றாடச் செலவுக்கே சரியாகப் போய்விடும். தாயின் கம்மல் அடகுக்குப் போகும்; இல்லையேல் வட்டிக்கடன். இரண்டும் கைகூடாத வீட்டில் பிள்ளை மில் வேலைக்குப் புறப்படும். புத்தி குறைந்ததால் படிப்பு நின்றதென்று நாம் எண்ணுகிறோம். பணம் வரும் மாதமும் பணம் கட்டும் மாதமும் பொருந்தவில்லை. பல வீடுகளில் காரணம் இதுவே.

"சர்க்கார் உதவி இருக்கிறதே!" என்பீர்கள். மெய்தான். சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிற்று. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. நல்ல காரியங்கள். ஆயினும் இத்தொகை கல்லூரியில் சேர்ந்த பிறகே கைக்கு வரும். விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு, பஸ் செலவு, இரண்டு மாற்றுடை இவையெல்லாம் அதற்கு முன்னமே வேண்டும். தருமத்திற்கு இடம் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

பணத்தைவிட ஒரு காகிதம் கடினமாவதும் உண்டு. காட்டுநாயக்கர், பளியர் முதலிய பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று இல்லையேல் அவர்களுக்குரிய உபகாரச் சம்பளம் இல்லை. தாலுகா ஆபீசுக்கு அலைய அவர்கள் தகப்பனாருக்குக் கூலி நாள் போகும். மனு எழுதத் தெரிந்த ஒருவர் கூடச் சென்றால் அதுவும் தருமமே. பையைத் திறக்க வேண்டியதில்லை, ஒரு நாளைக் கொடுத்தால் போதும்.

இனி நம் சீமையின் பழக்கம் ஒன்றைப் பாருங்கள். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறையார் மகமை என்றொரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவென்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் சேர்ப்பார்கள். அதில் பேட்டைகள் எழுந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன, பிறகு பள்ளிகளும் வந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். உலையில் இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போடுவது பெண்களின் கைங்கரியம். 1903-இல் பிறந்த காமராஜர் சிறுவராய்ப் படித்தது அந்தப் பள்ளியில்தான். அவருடைய படிப்பு பாதியில் நின்றது வேறு கதை. முதன்மந்திரியான பின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்ததை நாடறியும். விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரி தோன்றிற்று. அருப்புக்கோட்டையிலும் சைவ பானு க்ஷத்திரியர் ஒரு கல்லூரியும், நெசவாளரான தேவாங்கர் ஒரு கல்லூரியும் நிறுவினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், பெருந்தனவந்தர் ஒருவருக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. மகமை மனமிரங்கிய போது மட்டும் போடும் காசு அல்ல. வியாபாரம் நடந்தால் அதுவும் நடக்கும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்வேற்பாடுகள் தத்தம் சமூகத்தாரை முன்னிட்டே எழுந்தவை. உறவின்முறையின் பலம் இல்லாத குடும்பங்களுக்கு, சேரியிலும் குடிசையிலும் இருந்தவர்களுக்கு, யார் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள்? முறையை அவர்களிடம் கற்போம். எல்லையை நாம் விரிக்க வேண்டும். திறமையிருந்தும் வசதியற்ற இளைஞருக்குப் பல்கலைக்கழக வாயில் எளிதாக வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கல்விப் பிரகடனமும் கேட்கிறது. அங்கே குலம் கோத்திரம் பேசப்படவில்லை.

நிற்க. கொடுக்கும் விதத்திலும் ஒரு மரியாதை உண்டு. மேடையில் பிள்ளையை நிறுத்திக் கவர் கொடுத்துப் படம் பிடிப்பதைத் தவிர்ப்பது நலம். பதினேழு வயதுப் பெண் அந்தப் படத்தை மறக்க மாட்டாள். பணம் நேரே கல்லூரிக்கோ விடுதிக்கோ செல்லட்டும். பெயர் இரண்டு மூன்று பேருக்குள் இருக்கட்டும். முதல் ஆண்டோடு கையை விட்டுவிடவும் கூடாது. இரண்டாம் ஆண்டில் மழை பொய்த்தால் அதே கம்மல் மறுபடி அடகுக்குப் போகும்.

இவ்வாரம் வீட்டில் சேர்ந்து பேச இரண்டு கேள்விகள்: நம் தெருவில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் யார் யார்? அவர்களில் யார் வீட்டில் இதுவரை ஒருவரும் கல்லூரிப் படி ஏறியதில்லை? விடை தெரியாவிட்டால் விசாரியுங்கள். மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய் காயும்போதே கலயத்தை எடுத்து வைத்தால், ஆனி பிறப்பதற்குள் ஒரு விடுதி முன்பணம் சேர்ந்துவிடும்.