கோடை விடுமுறையில் நீரும் நம் குழந்தைகளும்



ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக் கதவுகள் சாத்தப்படும் நாள் குழந்தைகளுக்குத் திருநாள். ஆசிரியப் பணியில் இருந்தவர்க்கோ அந்நாளில் உள்ளத்தின் ஒரு மூலையில் அச்சமும் எழும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசிப்பது வழக்கம். அவ்வாறு ஓர் ஆண்டு நாம் ஒரு பெயரை வாசித்தபோது மறுமொழி வரவில்லை. மீண்டும் வாசித்தோம். முன் வரிசையிலிருந்த சிறுமி எழுந்து, "அவன் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டான், டீச்சர்" என்றாள். விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அவன். அப்பெயரின் மேல் சிவப்பு மையால் கோடிட்டது நம் கைதான். ஆண்டுகள் பல கழிந்தும் அக்கோடு நம் கண்ணை விட்டு அகலவில்லை. அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கோடை என்றதும் வெயிலைக் குறித்தே பிள்ளைகளை எச்சரிக்கிறோம். வெயிலின் கொடுமை கண்ணுக்குத் தெரியும்; உடலும் அதனை உணர்ந்து நிழலைத் தேடும். அவ்வெயிலுக்கு அஞ்சிப் பிள்ளைகள் தேடிச் செல்லும் நீரோ குளிர்ந்து, அழகாக, அமைதியாகக் கிடக்கிறது. அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது.

அண்மையில் நிகழ்ந்தவை

பணியின் பொருட்டு விராலிமலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர் நாம். இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியிலிருந்து கால்பந்துப் போட்டிக்குச் சென்ற மாணவியருள் நால்வர், 2023 பிப்ரவரி 15ஆம் நாள் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி உயிரிழந்தனர். அன்று இப்பகுதி முழுவதும் துயரில் ஆழ்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஓவியக் குளமும் ஊர்க் குளமும்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த குளம் ஒன்று உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து விடுமுறையில் சித்தன்னவாசலுக்கு வரும் நம் குடும்பங்கள் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளத்தைக் கண்டிருப்பர். மீன்களும் அன்னங்களும் யானைகளும் திரியும் அக்குளத்தில் இறங்கிப் பவ்வியர்கள் தாமரை கொய்கின்றனர். 9ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரையாசிரியர் இளங்கௌதமர் என்று கல்வெட்டு கூறுகிறது.

அந்த ஓவியத்தில் நீரின் அடியிலுள்ளதும் நமக்குத் தெரிகிறது. ஊர்க் கண்மாயில் அவ்வாறு தெரிவதில்லை. வண்டல் மண் அள்ளிய இடங்களில் ஆள் உயரத்திற்கும் மேலான பள்ளங்கள் இருக்கும். ஒரு கோடை மழை பெய்து அவை நிரம்பிவிட்டால், முழங்காலளவு நீரில் நடந்துவரும் பிள்ளை அடுத்த அடியில் மூழ்கிவிடுவான். கைவிடப்பட்ட கல்குவாரிகளோ இன்னும் கொடியவை. செங்குத்தான பாறை ஓரங்களில் கால் வைத்து ஏறவும் இடமிராது. கைப்பிடிச் சுவரில்லாத வயற்கிணறுகளும் அத்தகையவையே. ஆற்று நீரோ மேலே அமைதியாகத் தோன்றினும் உள்ளே இழுப்பும் சுழலும் கொண்டிருக்கும்.

நீரைப் பார்த்து, துணியால் வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களின் வழக்கம். துறவியர்க்குரிய சமிதிகள் ஐந்தனுள் ஈரியா சமிதி என்பது முன்னுள்ள நிலத்தை உற்று நோக்கி அடியெடுத்து வைத்தல். சிற்றுயிரும் துன்புறலாகாது என்று நிலத்தையும் நீரையும் பார்க்கக் கற்ற நாம், நம் குழந்தையின் உயிர்க்காகவும் அதே கவனத்தைப் பழக்க வேண்டும். "பார்க்காமல் பருகாதே, பார்க்காமல் இறங்காதே" என்று இரண்டையும் ஒரு பாடமாகவே சொல்லித் தாருங்கள்.

வீட்டில் வகுக்க வேண்டிய விதிகள்

1. பெரியவர் ஒருவர் உடனிருந்தாலன்றி நீர்நிலைக்குச் செல்லலாகாது. உடனிருப்பவர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தால் அவர் இருந்தும் இல்லாதவரே. மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று எண்ணாதீர். வாய் நீர்மட்டத்தில் இருப்பதால் குரல் எழாது, ஓசையின்றியே மூழ்கிவிடும்.

2. ஆறு வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்தவர் மூலம் நீச்சல் கற்பியுங்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நம் பாட்டனார் கற்றனர். பெண் குழந்தைக்கு நீச்சல் எதற்கு என்னும் எண்ணத்தை விட்டொழிப்போம். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் தனியே அனுப்பலாகாது.

3. உறவினர் ஊருக்குச் சென்றால், முதல் நாளே அங்குள்ள கிணறு, கண்மாய், மூடாத ஆழ்துளைக் குழி ஆகியவற்றை விசாரித்து அறியுங்கள். மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 அன்று இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததும், நான்கு நாள் முயன்றும் மீட்க இயலாமற் போனதும் மறக்கத்தக்கவையல்ல.

4. கைக்குழந்தை உள்ள வீட்டில் வாளி, தொட்டி, அண்டா ஆகியவற்றை நீருடன் திறந்து வைக்கலாகாது. சிறிதளவு நீரும் குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதுமானது.

ஒருவர் விழுந்துவிட்டால்

ஒருவர் மூழ்க, அவரைக் காக்க அடுத்தடுத்து இறங்கியோரும் மாண்டனர் என்னும் செய்திகளை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். தோழனைக் காக்கத் துடிப்பது நற்பண்பே. ஆயினும் நீரில் தத்தளிப்பவன் தன்னைத் தொடுபவரை இறுகப் பற்றி உள்ளே இழுத்துவிடுவான். ஆகவே குழந்தைகளுக்கு மூன்று சொற்களைக் கற்பியுங்கள்: கூவு, வீசு, இறங்காதே. உரக்கக் கூவிப் பெரியவர்களை அழைக்க வேண்டும். கரையில் இருந்தபடியே கயிறு, துண்டு, நீண்ட கழி, மூடிய வெற்று நெகிழிக் குடம் இவற்றுள் கிடைத்ததை வீச வேண்டும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர் நால்வர் மூழ்கினர். அங்குத் துணி துவைக்க வந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவள்ளி என்னும் மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளையே அவிழ்த்து வீசினர். அவற்றைப் பற்றி இருவர் உயிர் பிழைத்தனர்; மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. தமிழக அரசு அப்பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. நாணத்தினும் உயிரே பெரிதெனக் கொண்ட அம்மூவரைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் கதையாகக் கூறுங்கள்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் தவறு. அவற்றால் காலம் வீணாகும். மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பின் நடுவே விடாது அழுத்த வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 108க்கு அழைக்க வேண்டும்.

வெயிலும் உணவும்

விராலிமலையின் மயில்கள் காலையிலும் மாலையிலும் இரை தேடும். உச்சி வெயிலில் மர நிழலில் ஒடுங்கும். நம் பிள்ளைகளின் விளையாட்டும் அவ்வாறே அமையட்டும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் காண விரும்புவோர் காலை வேளையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். நண்பகலில் பாறை நெருப்பாகிவிடும்.

வெயிலில் ஆடிய குழந்தைக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் நிழலுக்குக் கொணர்ந்து, உடலை நனைத்து, விசிறி, சிறிது சிறிதாக நீர் தருக. உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பினால் அது வெப்பவாதம். அந்நிலையில் வாயில் நீர் புகட்டலாகாது. உடலைக் குளிர்வித்தவாறே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வடிகட்டுவதால் மட்டும் நோய்க்கிருமிகள் நீங்கா. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, அடிக்கடி பருகச் செய்யுங்கள்.

அட்சய திருதியை இக்கோடையில்தான் வருகிறது. நெடுநாள் உணவின்றி இருந்த ஆதிபகவனுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்த நன்னாள் அது. அன்று பிள்ளைகளுக்குக் கருப்பஞ்சாறு தருவோர் தெருவோரத்துப் பனிக்கட்டி கலவாமல் தருக. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பெரியோரைக் கண்டு சிறுவரும் உபவாசம் இருக்க விழைவர். அவ்விழைவைப் போற்றுவோம், ஆயின் அக்கினி நட்சத்திர வெயிலில் நீரும் பருகாமல் இருக்கச் சிறுவரை விடலாகாது. ஒரு தின்பண்டத்தை விடுவதும், ஒரு நாள் சினம் தவிர்ப்பதும் அவர்களுக்கேற்ற நோன்புகளே.

விடுமுறைப் பாடம்

இக்கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு, விடையை அவர்கள் வாயாலேயே கூறச் செய்யுங்கள்.

1. நம் ஊரில் இறங்கக் கூடாத நீர்நிலைகள் எவை?
2. தோழன் நீரில் விழுந்தால் முதலில் என்ன செய்வாய்? என்ன செய்ய மாட்டாய்?
3. 108, 1098 ஆகிய எண்களை எப்போது அழைக்க வேண்டும்?
4. பறவைகளுக்கு நீர் வைக்கும் தட்டு ஏன் ஆழமற்றதாக இருக்க வேண்டும்?

நான்காம் கேள்விக்கு விடை கூறும் குழந்தை, தன்னையும் காக்கக் கற்றுக்கொண்டதாகும். தட்டில் நீர் வைக்கும் பணியை அக்குழந்தையிடமே ஒப்படையுங்கள்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து ஆசிரியர் பெயர்களை வாசிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன்" என்னும் குரல் எழ வேண்டும். பணி ஓய்வு பெற்ற பின்னும் நாம் வேண்டுவது அதுவொன்றே.

அறம் வளர்க!