நாமம் இடும் நேரம்

அன்புக்கொடி மக்கள் அன்றாடம் செய்யும் காரியங்களில் மிகவும் சிறியது திருநாமம் இடுவது. கொஞ்சம் திருமண், இரண்டு சொட்டுத் தண்ணீர், ஒரு விரல், அரை நிமிட நேரம். இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே அது வெறும் பழக்கமாகிவிடுகிறது. கை நெற்றிக்குப் போகும்போது மனம் பஸ் நேரத்திலும் கடன் கணக்கிலும் நிற்கிறது. நெற்றியில் நாமம் இருக்கும், இட்டவருக்கு இட்ட ஓர்மை இருக்காது. அந்த அரை நிமிடத்தை எப்படி நிறைவாகச் செய்வது என்று பார்ப்போம்.

நாமத்தின் வடிவம்

நாமம் புருவ மத்தியில் தொடங்கி மேல்நோக்கி எழுகிறது. அது விளக்கின் சுடர் வடிவம். உள்ளே எரியும் ஆன்ம ஜோதிக்கு வெளியே வைக்கும் அடையாளம் அது. விளக்கை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் சுடர் மேலேதான் போகும். விரல் மேலே ஏறும்போது நினைவும் அதனோடு ஏற வேண்டும்.

தொட்டு இட்ட நாமம்

அய்யா 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளி, இன்று சாமித்தோப்பு என்று வழங்கும் பூவண்டன்தோப்புக்கு வந்தார். அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டவர்கள் மேல்சாதியாருக்கு இத்தனை அடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று வழக்கம் இருந்தது. தலைப்பாகை கட்டவும் அவர்களுக்கு உரிமையில்லை. அந்த மக்களைத்தான் அய்யா ஒரே முத்திரிக்கிணற்றில் கூட வைத்தார், தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். பதிகளில் தொட்டு நாமம் சாத்தும் வழக்கமும் இந்த வழியில் வந்ததே. தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட நெற்றியில் ஒரு விரல் அன்போடு பட்டது. இன்று நம் விரல் நம் நெற்றியைத் தொடும்போது இதை ஒரு கணம் நினைத்தால், அந்தத் தொடுதல் லேசானதாக இருக்காது.

கண்ணாடியின் முன்

பதியிலும் நிழல்தாங்கலிலும் பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்குகளும் இருக்கின்றன. வணங்குகிறவர் அங்கே நாமம் இட்ட தன் முகத்தையே காண்கிறார். இறைவன் உனக்குள்ளும் இருக்கிறான் என்பதே அதன் பாடம். வீட்டுக் கண்ணாடி தலை சீவுவதற்கு உள்ளதுதான். ஆனாலும் நாமம் இடும் அந்த நேரத்திற்கு அதையும் பள்ளியறைக் கண்ணாடிபோல எண்ணலாம்.

செய்யும் முறை

முகம், கை, கால் கழுவிக்கொள்ள வேண்டும். மண்ணைக் குழைக்கும்போது பேச்சை நிறுத்த வேண்டும். மூச்சு அடங்கியபின் அய்யாவை நினைத்து, ஒரே இழுப்பில் மேல்நோக்கி இட வேண்டும். இட்டபின் உடனே திரும்பிவிடாமல் கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்க்க வேண்டும். இதற்கு அரை நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

நாமம் கோணலாகிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். முதுமையில் கை நடுங்குகிறவர் இடும் நாமம் வளையத்தான் செய்யும். நினைவு அய்யாவிடம் இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

நாமத்தோடு வெளியே

சோதனை வாசலைத் தாண்டியபின்தான் வருகிறது. வரப்புத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனோடு பல வருடம் பேசாத தம்பி ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே தாங்கலுக்கு வருகிறார்கள், இருவர் நெற்றியிலும் ஒரே நாமம். கண்ணாடியில் தன் முகத்துக்குள் அய்யாவைக் கண்ட தம்பி, பக்கத்தில் நிற்கும் அண்ணன் முகத்தில் மட்டும் அவரைக் காண மறுத்தால், காலையில் இட்ட நாமம் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள். "அண்ணே, சாப்பிட்டியளா?" என்று அவன் முதலில் கேட்கும்போது அது முழுமையாகிறது. வரப்பை அளப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக் காலை நாமம் இடும்போது, பேசாமல் விட்ட ஒரு முகத்தையும் அந்தக் கண்ணாடியில் நினைத்துப் பாருங்கள்.

அய்யா துணை. அய்யா உண்டு!