மூளைக்குச் செல்லும் குருதிப் பாதைகள்

கோலார் தங்க வயலில் 3,000 மீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும், சுரங்கப் பாதுகாப்பின் அடிப்படை விதியொன்றை அவ்வூரார் நன்கறிவர்: வெளியேறுவதற்குக் குறைந்தது இரண்டு வழிகள் இருத்தல் வேண்டும்; ஒன்று அடைபட்டால் மற்றொன்று உயிர் காக்கும். மனித மூளையின் குருதி ஓட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால், அம்மாற்று வழி எல்லோரிடத்தும் ஒரே அளவில் அமைவதில்லை.

நான்கு தமனிகள், ஒரு வளையம்

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும், உடல் ஏற்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது பயன்படுத்துகிறது. குருதி முற்றிலும் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியத் தொடங்கும்.

மூளைக்குக் குருதி கொண்டு செல்பவை நான்கு தமனிகள். கழுத்தின் முன்பக்கமாகச் செல்பவை இரண்டு உட்கழுத்துத் தமனிகள். முதுகெலும்பின் துளைகள் வழியே ஏறுபவை இரண்டு முதுகெலும்புத் தமனிகள். இவை மேலே ஒன்றுகூடி அடித்தளத் தமனியாகின்றன. இந்த இரு தொகுதிகளையும் மூளையின் அடிப்பகுதியில் சிறு இணைப்புத் தமனிகள் பிணைத்து ஒரு வளையமாக்குகின்றன. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் தமது நூலில் இதனை விளக்கினார். ஆகவே, இது வில்லிஸ் வளையம் எனப்படுகிறது.

மாறுபாடுகள் எவை?

பாடநூற் படத்தில் காணும் முழு வளையம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. 1959இல் அமெரிக்காவில் 350 மூளைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதியில்தான் அது இயல்பான வடிவில் இருந்தது. பெரும்பாலும் காணப்படும் குறை, பின் இணைப்புத் தமனி நூல்போல் மெலிந்திருப்பது. வேறு சிலரிடம் முன் மூளைத் தமனியின் ஒரு பக்கத் தொடக்கப் பகுதி மெலிந்து, மறுபக்கம் இருபுறத்துக்கும் குருதி வழங்குகிறது.

கருவில் வளரும்போது பின் மூளைத் தமனி உட்கழுத்துத் தமனியிலிருந்தே குருதி பெறுகிறது. பின்னர் அப்பொறுப்பை அடித்தளத் தமனி ஏற்கிறது. சிலரிடம் கருக்கால அமைப்பே வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. இடது முதுகெலும்புத் தமனி, காறையெலும்பின் கீழ்ச் செல்லும் தமனியிலிருந்து பிரியாமல், நேரே பெருந்தமனி வளைவிலிருந்து தோன்றுவதும் நூற்றில் ஏறத்தாழ ஐவரிடம் காணப்படுகிறது.

நோயா, இயல்பா?

இவை நோயல்ல. இவற்றுடன் முதுமை வரை நலமாக வாழ்வோர் பலர். தமனி அடைபடும் நாளில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. வளையம் செம்மையாக உள்ளவரிடம் எதிர்ப்பக்கக் குருதி பாய்ந்து சேதத்தைக் குறைக்கலாம். இணைப்பு மெலிந்தவரிடம் அவ்வுதவி கிட்டாது. கருக்கால அமைப்பு நிலைத்தவரிடம் உட்கழுத்துத் தமனி அடைபட்டால், பார்வைக்குரிய பின்மூளையும் பாதிக்கப்படக்கூடும். முன் மூளைத் தமனியின் ஒருபக்கம் மெலிந்திருப்பின், மறுபக்கத்தில் மிகும் குருதி விசையால் முன் இணைப்புத் தமனியருகே குழாய்ச்சுவர் பலூன்போல் புடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே, கழுத்திலும் மூளையிலும் அறுவை செய்வோர் முன்னதாகவே ஸ்கேன் படத்தில் பாதைகளை அறிதல் இன்றியமையாதது.

காலமும் தொலைவும்

அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். தங்க வயலிலிருந்து பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டவுடன் புறப்படாமல், மறுநாள் பார்ப்போம் என்றிருந்தால் அந்நேரம் கடந்துவிடும். தம் மூளையின் மாற்று வழி அகலமா, குறுகலா என்பதைப் பெரும்பாலோர் அறியார். ஆதலால், அதனை நம்பிக் காத்திருத்தல் எவருக்கும் தகாது.

கர்நாடக அரசு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் 2022இல் தொடங்கிய மூளை நலத் திட்டத்தின் முன்னோடி மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. இத்தகைய திட்டங்கள் பயன்தர, அறிகுறிகளை அறிந்த சுகாதாரப் பணியாளர், தாமதமற்ற வாகன வசதி, ஸ்கேன் வசதி ஆகிய மூன்றும் ஒருசேர அமைய வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் உடல்தானம் பெருகினால், நம் மக்களின் தமனி அமைப்பை மாணவர் நேரில் கற்பர். மாற்று வழியின் அருமையைச் சுரங்கத்தில் கற்ற ஊருக்கு இப்பாடம் புதிதன்று.