பன்னுக்குள் இருப்பது என்ன?

மூணாறு, தேக்கடி போன்ற ஊர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள். அவர்களோடு புதுப்புதுத் தின்பண்டங்களும் வருகின்றன. அவற்றில் ஒன்று ஹாட் டாக். இந்த ஆங்கிலப் பெயருக்குச் 'சூடான நாய்' என்று பொருள். பயப்பட வேண்டாம். இதில் நாய் இறைச்சி இல்லை. நீளமான பன்னைக் கீறி, நடுவே சூடான சாசேஜ் ஒன்றை வைத்துத் தருவார்கள். அதுதான் ஹாட் டாக். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மக்கள் அங்கே இதைப் பரப்பினார்கள்.

பிள்ளைகள் இதைப் பார்த்தால் ஆசைப்படுவார்கள். வாங்கித் தருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். இதில் உடம்புக்கு வேண்டியது எவ்வளவு இருக்கிறது?

சாசேஜ் என்றால் என்ன?

இறைச்சியை நன்றாக அரைப்பார்கள். அதோடு கொழுப்பு, உப்பு, மசாலா சேர்ப்பார்கள். அதை மெல்லிய தோல் உறைக்குள் திணித்து, விரல் போல நீளமாகச் செய்வார்கள். இது வெளிநாட்டில் மட்டும் செய்யும் பொருள் அல்ல. இடுக்கிக்குப் பக்கத்திலேயே, கூத்தாட்டுகுளத்தில், கேரள அரசின் இறைச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது 1973இல் தொடங்கப்பட்டது. அங்கும் சாசேஜ் தயாராகிறது.

எண்களைப் படியுங்கள்

கடையில் விற்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். 100 கிராம் பொருளில் என்னென்ன சத்து, எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எண்களை நீங்களே படிக்கலாம். 1, 2, 3 என்று நாம் இன்று எழுதும் எண்களும் ஆங்கில எண்களும் ஒன்றுதான்.

மூன்றை மட்டும் பாருங்கள்: புரதம், கொழுப்பு, சோடியம். புரதம் உடம்பை வளர்க்கும். கொழுப்பு அளவோடு இருக்க வேண்டும். சோடியம் என்பது உப்பில் இருக்கும் பொருள்.

சாசேஜையும் முட்டையையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஏறக்குறைய 50 கிராம் எடை.

ஒரு மாட்டிறைச்சி சாசேஜ்: புரதம் 5 கிராம். கொழுப்பு 13 கிராம். சோடியம் 500 மில்லிகிராம்.

ஒரு கோழிமுட்டை: புரதம் 6 கிராம். கொழுப்பு 5 கிராம். சோடியம் 70 மில்லிகிராம்.

இவை சுமாரான அளவுகள். பொட்டலத்துக்குப் பொட்டலம் கொஞ்சம் மாறும். கோழி சாசேஜில் கொழுப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் உப்பு பெரும்பாலும் குறைவதில்லை. 'இறைச்சிதானே, சத்து அதிகம்' என்று நாம் நினைக்கிறோம். ஒரு சாதாரண முட்டை அதை வென்றுவிடுகிறது. ஒரு ஹாட் டாக் விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உப்புக் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு கரண்டி அளவு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. சாசேஜ், பன், தக்காளி சாஸ் மூன்றையும் சேர்த்தால் சுமார் 2 கிராம் உப்பு ஆகிவிடும். ஒரு நாள் உப்பில் பாதியை நெருங்கிவிட்டோம்! இன்னும் மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

நம் கருவாட்டிலும் உப்புக்கண்டத்திலும்கூட உப்பு அதிகம்தான். அவற்றை ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். குழம்பில் உப்பைக் குறையுங்கள்.

250 என்ற எண்

சாசேஜ் கெடாமல் இருக்கச் சோடியம் நைட்ரைட் என்னும் உப்பைச் சேர்ப்பது உண்டு. பொட்டலத்தில் அதன் எண் 250. இப்படிப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் தின்றால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. என்றோ ஒரு நாள் தின்றவருக்கு நோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. தினமும் தின்னும் பழக்கம்தான் ஆபத்து.

நம் சட்டியில் இருப்பது

இடுக்கியில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கூடவே மத்தி மீன் குழம்பு வைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். மீன் உண்ணாதவர்களுக்குத் தட்டைப்பயறு இருக்கிறது. 100 கிராம் தட்டைப்பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான்.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி, கோயம்புத்தூரை ஒட்டிய மலைப்பகுதி. அங்கே இருளர், முடுகர், குறும்பர் மக்கள் ராகி, சாமை, துவரை விதைத்து உண்டு வாழ்ந்தவர்கள். நிலம் கைவிட்டுப் போனது. சிறுதானியமும் குறைந்தது. 2013இல் அங்கே பல பச்சிளம் குழந்தைகள் இறந்தன. தாய்மாரின் இரத்தசோகையும் சத்துக்குறைவும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. பிறகு ஊர்களில் சமூகச் சமையலறைகள் திறக்கப்பட்டன. ராகியையும் சாமையையும் திரும்பக் கொண்டுவர, 2017இல் கேரள அரசு சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தேயிலைத் தோட்டத்துச் சகோதரிகளுக்கு ஒரு சொல். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

அப்படியானால் ஹாட் டாக் வாங்கவே கூடாதா?

திருவிழா நாளில் பிள்ளை கேட்டால் வாங்கித் தரலாம். சிறு குழந்தைகளுக்குச் சாசேஜை வட்டமாக நறுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறி, சிறு துண்டுகளாக்கித் தாருங்கள். ஆனால் அன்றாடச் சாப்பாட்டின் இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். விளம்பரம் முன்பக்கத்தில் இருக்கும். உண்மை பின்பக்கத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த கை பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்.

பயிற்சி

1. படியுங்கள்: புரதம், கொழுப்பு, சோடியம், இரத்தசோகை, சிறுதானியம்.

2. கணக்கு: ஒரு பொட்டலத்தில் 800 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அது எத்தனை கிராம் உப்பு?

3. எழுதுங்கள்: நேற்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? அதில் புரதம் தரும் பொருள் எது?

4. கூடிப் பேசுங்கள்: உங்கள் ஊரில் முன்பு விளைந்து, இப்போது காணாமல் போன தானியங்கள் எவை? மறுபடியும் விதைக்க முடியுமா?