வாத்து நனையலாம், குஞ்சு நனையலாகாது

நீரிலே நீந்தித் திரியும் பறவைக்கு மழையினால் என்ன தீங்கு வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கோழிக்குஞ்சு நனைந்தால் பதறி ஓடித் தூக்குகின்ற வீட்டார், வாத்துக்குஞ்சு மழையில் நிற்பதைக் கண்டால் மகிழ்ந்து பார்த்துக்கொண்டிருப்பர். அந்த எண்ணத்திற்கு விலை கொடுத்த ஓர் அம்மையாரைத் தென் கெடாவிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஐப்பசி மழையின்போது சந்தித்தோம்.

அவர் ஓர் அடைக்கோழியின்கீழ் ஒன்பது வாத்து முட்டைகளை வைத்து, 28 நாள் காத்திருந்து, எட்டுக் குஞ்சுகளைப் பெற்றிருந்தார். ஆறாம் நாள் மாலையில் மழை கொட்டியது. லயத்து வாசலில் தேங்கிய நீரில் குஞ்சுகள் இறங்கி விளையாடின. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். தாய்க்கோழியோ கரையில் நின்று கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. இருட்டும் வேளையில் அம்மையார் குஞ்சுகளைப் பிடித்து, ஈரச் சாக்கு விரித்த பலகைப் பெட்டியொன்றில் தனியே அடைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை பிரட்டுக்குப் புறப்படுமுன் திறந்து பார்த்தபோது ஆறு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விறைத்துக் கிடந்தன.

“இது என்ன நோய், ஐயா?” என்று அவர் எம்மிடம் கேட்டார். நோய் எதுவும் இல்லை. ஈரமும் குளிருமே அவற்றைக் கொன்றன.

மழைக்காலத்தில் தோட்டத்து வீடுகளின் நிலையை நாம் அறிவோம். ஈரப் பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்தோடும்; மங்கில் சேர்ந்ததையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். வெட்டு இல்லாத நாள்கள் பெருகப் பெருகச் சம்பளம் குறையும். அத்தகைய மாதங்களில் நாளொன்றுக்கு நான்கைந்து முட்டை தருகின்ற ஒரு சிறு வாத்துக்கூட்டம் அடுப்படிக்குப் பெருந்துணையாகும். ஆனால், துணை தேவைப்படுகிற அதே மாதங்களில்தான் குஞ்சுகளும் மிகுதியாக மடிகின்றன. ஆகவே, இவ்விதழில் இது பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில், வாத்து குளிருக்கு அஞ்சாத பறவை என்பது உண்மையா என்று பார்ப்போம். முற்றிலும் உண்மையே. இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். அப்பனிக்கட்டியின்மேல் வாத்துகள் வெறுங்காலோடு நடந்து செல்லும். அவற்றின் காலில், உடலிலிருந்து கீழிறங்கும் சூடான இரத்தக் குழாய்களும், பாதத்திலிருந்து மேலேறும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்திற்குக் கொடுத்துவிடுகிறது. ஆதலால் பாதம் குளிர்ந்திருந்தாலும் உடலின் சூடு வீணாவதில்லை. மேலிறகு நீரை உள்ளே விடுவதில்லை; அதன் கீழுள்ள மென்தூவி காற்றைச் சிறைப்படுத்திக் கம்பளிபோல் காக்கிறது. அந்நாடுகளில் வாத்து வளர்ப்போர் காலையில் எழுந்ததும் குடிநீரின்மேல் படிந்த பனிக்கட்டியை உடைப்பர். கூட்டினுள் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாக இடுவர். சூடேற்றுவதற்கு அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஈரப் படுக்கைக்கும் கூட்டினுள் வீசும் வாடைக்குமே அஞ்சுகின்றனர். உறைபனி நாட்டிலும் நிலை இதுவென்றால், மழை நாட்டில் வாழும் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது எது என்பது தெளிவாகும்.

மேலே சொன்ன காப்பெல்லாம் வளர்ந்த வாத்துக்கு உரியது. குஞ்சுக்கு அந்த இறகு இல்லை. மஞ்சள் தூவி மட்டுமே உண்டு. முழு இறகு முளைக்க ஏழெட்டு வாரங்கள் ஆகும். வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்து தன் அலகால் அவ்வெண்ணெயை எடுத்து இறகெங்கும் நீவிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குஞ்சு இவ்வேலையில் தேர்ச்சி பெறச் சில வாரங்கள் செல்லும். அதுவரையில் தாய் வாத்தே அதற்குப் பாதுகாப்பு. நீந்திவிட்டு வந்த குஞ்சுகளைத் தாய் உடனே சிறகினுள் அணைத்து உலர்த்திவிடுகிறது. கோழியின்கீழ் பொரித்த குஞ்சுக்கு இந்த வசதி கிட்டுவதில்லை. கோழி நீரில் இறங்காது. குஞ்சும் அதன் அழைப்பைக் கேட்டு நீரை விட்டு ஏறி வராது. நமது தோட்டங்களில் பெரும்பாலும் கோழியையே அடைக்கு வைக்கிறோம். ஏனெனில், முட்டைக்கென்று வளர்க்கும் வாத்தினங்கள் அடைகாப்பதில் நாட்டமில்லாதவை. (‘இத்தேக் நீலா’ எனப்படும் மணிலா வாத்து இதற்கு விலக்கு, அது தானே 35 நாள் பொறுமையாக அடைகாக்கும்.)

முதல் வாரத்தில் குஞ்சு படுக்கும் இடத்தில் 30 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மழை இரவில் நம் லயங்களில் வெப்பநிலை 23 பாகை வரையில் இறங்கிவிடுகிறது. நமக்கு அது போர்வைச் சுகம். நனைந்த குஞ்சுக்கோ அது மரணம். வாரத்திற்கு மூன்று பாகையாக வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால், நான்காம் வாரத்தில் உலர்ந்த இடமே போதுமானதாகும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கீச்சிட்டால் குளிர்கிறது என்று பொருள். விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படுத்து உறங்கினால் நீங்களும் உறங்கச் செல்லலாம். இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். முற்காலத்தில் 40 வாட், 60 வாட் மின்குமிழை அட்டைப் பெட்டியின் மேல் தொங்கவிட்டுக் குஞ்சு வளர்த்தோம். அக்குமிழ் கையைச் சுடும். இப்பொழுது கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. அதைத் தொங்கவிட்டுவிட்டு, விளக்கு எரிகிறதே, குஞ்சுகள் ஏன் சாகின்றன என்று வியப்போரை நாம் கண்டிருக்கிறோம். பழைய வகைக் குமிழோ குஞ்சுகளுக்கென விற்கப்படும் சூட்டு விளக்கோதான் பயன்படும். மின்சாரம் தடைப்பட்ட இரவில், வெந்நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்திற்கொருமுறை வெந்நீரை மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கைப் பெட்டிக்குள் வைப்பது தீவிபத்துக்கு வழி, செய்யாதீர்கள்.

ஏற்கெனவே நனைந்து துவண்ட குஞ்சு கிடைத்தால், வாயில் நீரோ மருந்தோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பழந்துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, சூடான இடத்தில் வைக்க வேண்டும். தலை தூக்கி நடக்கத் தொடங்கிய பின்னரே, சிறிது சீனி கலந்த வெதுவெதுப்பான நீரைக் காட்டலாம். நாம் பார்த்த அந்தப் பெட்டியில் மீந்திருந்த இரண்டும் இவ்வாறே பிழைத்தன.

இனிப் படுக்கையைப் பற்றி. வாத்தின் எச்சம் கோழியெச்சத்தைக் காட்டிலும் மிகுந்த நீர் உடையது. குடிக்கும் நீரையும் அது வாரி இறைக்கும். ஆகவே, வெளியே மழை இல்லாவிட்டாலும் கூடு தானாகவே ஈரமாகிவிடும். நீர்ப் பாத்திரத்தைக் கம்பி வலை போட்ட சட்டத்தின்மேல் வைத்து, அடியில் ஒரு தட்டை வைத்தால் சிந்தும் நீர் படுக்கைக்குப் போகாது. பாத்திரம் குஞ்சின் மூக்குத் துளைகள் அமிழும் ஆழம் இருத்தல் வேண்டும். ஆனால் குஞ்சு உள்ளே இறங்கும் அகலம் இருத்தலாகாது. உமியும் மருந்து தோய்க்காத மரச்சீவலும் நல்ல படுக்கை. ஈரமான பகுதியை நாள்தோறும் அள்ளிவிட்டு உலர்ந்ததைத் தூவுங்கள். கூடு போதிய அளவு உலர்ந்திருக்கிறதா என்று அறிய, நின்றபடி பார்ப்பது போதாது. குந்தி அமர்ந்து, வாத்தின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். ஆலையில் பால் உறையாதிருக்க ஊற்றுகிறார்களே, அந்த அம்மோனியாவின் நெடியை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நெடி மூக்கில் ஏறினால் படுக்கை கெட்டுவிட்டது. வாத்தின் கண்ணும் மூச்சுக்குழாயும் இரவு முழுவதும் அதில்தான் கிடக்கின்றன.

மழைச் சாரலுக்கு அஞ்சிக் கூட்டை நான்கு புறமும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவது மற்றொரு தவறு. தரையிலிருந்து இரண்டடி வரையில் பலகையோ தகரமோ அடைத்து, அதற்கு மேல் கம்பி வலை இருக்கட்டும். கூரை இறப்பைச் சற்று நீட்டிவிட்டால் சாரல் உள்ளே வராது. மேட்டு நிலத்தில் அமைத்து, சுற்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

மழைக்காலத்தில் குளிரைவிடக் கொடிய பகைவன் ஒன்று தீவனச் சாக்கினுள் ஒளிந்திருக்கிறது. அது பூஞ்சணம். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. தொற்றுநோய் என்று எண்ணித் தேடியவர்களுக்குக் கிருமி எதுவும் அகப்படவில்லை. இறுதியில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணமே காரணம் என்று கண்டனர். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கல்லீரலைக் கெடுப்பது அந்நஞ்சு. வாத்துக்குஞ்சு அந்நஞ்சினால் எளிதில் பாதிக்கப்படும் உயிர்களுள் ஒன்று. அதனாலேயே, ஒரு பொருளில் அந்நஞ்சு உண்டா என்று சோதிக்க விஞ்ஞானிகள் வாத்துக்குஞ்சுகளையே பயன்படுத்தினர். இது பறவைகளோடு நிற்கும் செய்தியன்று. 1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் அரிசி மாவினாலான ஒருவகை மீயை உண்ட பின்னர் 13 சிறுவர்கள் மாண்டபோதும், இந்நஞ்சே அவர்களது உடலில் காணப்பட்டது.

ஆதலால், பூசணம் பூத்த புண்ணாக்கையும் தவிட்டையும் பழைய ரொட்டியையும் ‘வாத்துதானே தின்னப்போகிறது’ என்று போடாதீர்கள். கழுவினாலும் வேக வைத்தாலும் அந்நஞ்சு போகாது. மேலே படிந்ததைச் சுரண்டிவிட்டு மீதியைக் கொடுப்பதும் பயனற்றது. மழை மாதங்களில் ஒரு வாரத்திற்கு வேண்டிய தீவனத்தை மட்டும் வாங்குங்கள். மூடியுள்ள தகர டின்னில் இட்டு, சிமெண்டுத் தரையில் படாமல் பலகையின்மேல் வையுங்கள். குழைத்த தீவனத்தில் மீந்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலையும் உமியையும் படுக்கையாக இடுவதும் கேடு. அதன் தூள் குஞ்சின் நுரையீரலுக்குள் சென்று வளரும்.

வளர்ந்த வாத்துகளுக்கு இத்துணைக் கவனிப்புத் தேவையில்லை. மழையில் அவை மேயட்டும். நத்தையும் மண்புழுவும் நிறையக் கிடைக்கும். களைக்கொல்லி தெளித்த நிரைகளின் பக்கமும், ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாயிலும் விடாதிருந்தால் போதும். வாத்து பெரும்பாலும் விடியுமுன்னரே முட்டையிடும். ஆகவே காலை எட்டு மணிக்கு மேல் திறந்துவிட்டால் முட்டைகள் புதரில் தொலையா. பால் வெட்டப் போகும் பெற்றோர் இருட்டிலேயே திறந்துவிட்டுச் செல்வதைக் காண்கிறோம். இவ்வேலையை வீட்டிலிருக்கும் பாட்டியிடம் விட்டுச் செல்வது நன்று.

சேற்றில் கிடந்த வாத்து முட்டையின் ஓட்டினூடே கிருமிகள் உட்செல்லக்கூடும். காப்பிக்கடையில் கோழிமுட்டையை அரைவேக்காட்டில் உண்பதுபோல் வாத்து முட்டையை உண்ணலாகாது; வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேக வைக்க வேண்டும். மழையினால் பட்டணத்துக்குக் கொண்டு செல்ல இயலாதபோது, விரிசலில்லாத முட்டைகளை உப்பிலிடலாம். கொதிக்கும் நீரில் உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, ஆறவைத்து, கண்ணாடிச் சாடியில் முட்டைகள் மூழ்கும்படி ஊற்றி மூடுங்கள். ஏறக்குறைய மூன்று வாரத்தில் ‘தெலோர் மாசின்’ தயார். மலாய் அன்பர்களிடையே, சிறப்பாக நோன்பு மாதத்தில், இதற்கு நல்ல விற்பனை உண்டு.

வெள்ளம் வடிந்த இடங்களில் வாத்துகளைச் சில நாள் விடாதீர்கள். செத்த எலியும் மீனும் அழுகிய குட்டையில் மேய்ந்த வாத்துகளுக்குக் கழுத்து தொய்ந்து, இறகு தூக்க மாட்டாமல் வீழும் ஒரு நோய் வருகிறது. மலைப்பாம்பும் உடும்பும் நீருக்கு அஞ்சி மேட்டைத் தேடி வரும் காலமும் அதுவே. கூட்டின் கதவை மாலையில் மறவாது தாழிடுக.

ஒரே நேரத்தில் பல வாத்துகளோ கோழிகளோ மாண்டால் அவற்றை அறுத்துச் சமைக்கவோ அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவோ கூடாது. 2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டபோது அரசாங்கம் சுற்றுவட்டாரப் பறவைகளை அழிக்க நேர்ந்தது. வாத்து, தான் நோயுற்றதைக் காட்டாமலே அக்கிருமியைச் சுமந்து திரியக்கூடிய பறவை. இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை அப்பால் நிறுத்திவிட்டு, அன்றைக்கே மாவட்டக் கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை எஞ்சிய வாத்துகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்திருங்கள்.