படம் பி.டி.எஃப். ஆக மறுக்கிறதா? மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள்



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் பதிவு, ரிட்டன், நோட்டீசுக்குப் பதில் எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான். முகத்துவாரக்குப்பத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. பதில் கொடுக்கக் கடைசி நாள். படம் எடுத்து வைத்திருந்த கொள்முதல் பில்களில் மூன்று மட்டும் பி.டி.எஃப். ஆகவில்லை. கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். கோளாறு படங்களில் இருந்தது. மூன்றுக்கும் மூன்று காரணம்.

1. படம் முழுதாக இல்லை: ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, பாதிதான் இறங்கியிருந்தது. முதலில் படத்தைத் திறந்து பாருங்கள். மங்கலாகவோ பாதி சாம்பல் நிறமாகவோ இருந்தால், அனுப்பியவரிடம் 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

2. வகை வேறு: அடுத்தது மகனின் ஐபோனில் எடுத்தது. 2017 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. வகையில் படம் பிடிக்கின்றன; பல கம்ப்யூட்டர்கள் அதை ஏற்பதில்லை. பெயரை மட்டும் ஜே.பி.ஜி. என்று மாற்றினேன். கடலைப்பருப்பு மூட்டையில் துவரம்பருப்பு என்று சீட்டு ஒட்டினால் சரக்கு மாறுமா? செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்து, பில்லை மறுபடி படம் எடுங்கள்.

3. அளவு பெரிது: 4000-க்கு 3000 புள்ளிப் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பிரிக்கும்போது சுமார் 36 எம்.பி. இடம் பிடிக்கும். பத்தை ஒன்றாகக் கொடுத்தால் பழைய கம்ப்யூட்டர் திணறும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏ4 பில்லுக்கு 1654-க்கு 2339 புள்ளி போதும்.

விண்டோஸ் 10-ல் படத்தைத் திறந்து, பிரின்ட் கொடுத்து, பிரின்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்.' தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. முன்பின் தெரியாத இணையதளத்தில் பில்லை ஏற்றாதீர்கள். அதில் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கலாம்.

மாற்றியபின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணும் தொகையும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பி.டி.எஃப். இருக்கிறதென்று காகித பில்லைக் கிழித்துவிடாதீர்கள். ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கச் சட்டம் சொல்கிறது. அன்று என்னைக் காப்பாற்றியதும் கல்லாப் பெட்டியில் இருந்த அசல் பில்தான்.

கெடு நாள்வரை காத்திராமல், சரக்கு இறங்கிய அன்றே பில்லைப் படமெடுத்து மாற்றி வையுங்கள்.