சும்மா கிடக்கும் கணினிக்கு ஒரு நல்ல வேலை

பிள்ளைகள் படிப்புக்கு வாங்கிய கணினி எங்கள் இடைசெவல் கிராமத்து வீட்டில் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அந்த நேரத்தை விஞ்ஞானிகளின் ஆய்வுக் கணக்குகளைப் போடக் கொடுக்கலாம்.

1. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இதற்காக உருவாக்கிய ‘பாயிங்க்’ (BOINC) மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவசம்தான்; கண்ட இடத்தில் எடுத்தால் வைரஸும் கூட வரும்.

2. ஆக்ஸ்ஃபோர்டின் ‘கிளைமேட் பிரெடிக்‌ஷன்’ திட்டத்தில் சேருங்கள். 2003 முதல் தட்பவெப்பத்தைக் கணக்கிடுகிறது. வானம் பார்த்த பூமிக்காரர்கள் நாம் கைகொடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதில் எல்லா நேரமும் கணினிக்கு வேலை வந்துகொண்டிருக்காது; அதனால் துடிவிண்மீன் தேடும் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தையும் சேர்த்துவையுங்கள்.

3. பாயிங்க் செட்டிங்கில் சிபியு அளவை 50 சதவீதமாக்குங்கள். சித்திரை வெயிலில் முழு வேகம் கணினிக்கு ஆகாது.

4. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷால் கணினியின் காற்றாடியைத் தூசி தட்டுங்கள். கரிசல் புழுதியும் பருத்திப் பஞ்சும் மெத்தையாக அப்பியிருக்கும். காற்று போகாமல் சூடு ஏறும்.

5. கரண்ட் போனால் யுபிஎஸ்ஸில் ஓட்டாமல் அணைத்துவிடுங்கள். கணக்கு அவ்வப்போது சேமிக்கப்படுவதால் பெரும்பாலும் வீணாகாது.

6. பாயிங்க் ஓடும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள். கூடுதலாக 50 வாட் இழுத்தால், தினம் 10 மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 30 யூனிட் ஏறும்.

7. அலுவலகக் கணினியில் அனுமதி கேட்காமல் போடாதீர்கள். மின்சாரமும் பொறுப்பும் அலுவலகத்துடையவை.